வாசிப்புக் கூடத்துக்குள் விருந்தினரை அழைத்து வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் உட்கார்ந்து ஒரு சோழர் காலத்து நிலக்கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலத்தைச் சொல்லியிருப்பார்கள். இந்த ஊரில் மொத்தம் இத்தனை வேலி, அதில் ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு எல்லாம் வரியில்லாத நிலம், அதைக் கழித்தால் மீதி இத்தனை என்று வரும். வேலி என்பது பெரிய நில அளவு. அதற்குக் கீழே மா, அது ஒரு வேலியில் 1/20. காணி 1/80. முந்திரிகை 1/320. அதோடு முடிவதில்லை. அதற்கும் சின்னதைச் சொல்ல ‘கீழ்’ என்று போட்டு, அந்த 1/320ஐயே முழு எண்ணாக வைத்துக்கொண்டு மறுபடி அரை, மா, காணி என்று பிரித்துக்கொண்டே போவார்கள். கல்லில் எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே நீளமாக வெட்டியிருப்பதால், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். நடுவில் நினைவு அறுந்தால் முதல் ஊரின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நான் நான்காவது ஊரில் இருந்தபோது கதவு திறந்தது. முப்பது பேர் இருக்கும். ஏதோ ஒரு கருத்தரங்குக்கு வந்த வெளியூர் விருந்தினர்கள், அவர்களோடு வந்த குடும்பத்தினர், முன்னால் நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒருவர். அவர் கூடத்தின் நடுவில் நின்று, மேடையில் பேசுகிற குரலில், “இதுதான் நம்ம ரெஃபரன்ஸ் ஹால், இங்கேதான் ஸ்காலர்ஸ் எல்லாம் அமைதியா உட்கார்ந்து படிப்பாங்க” என்றார். கூட வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு இருபது நிமிடம். அலமாரிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், ஒருவர் கைப்பேசியில் யாருக்கோ வீடியோ காலில் கூடத்தைச் சுற்றிக் காட்டினார், ஒரு குழந்தை இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடியது. ஒரு பெண்மணி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, அன்பாகத்தான், “என்னம்மா படிக்கிறே?” என்று கேட்டார். பதில் சொன்னேன். அவர் போன பிறகு என் நோட்டைப் பார்த்தேன், கடைசியாக எழுதியது மூன்று மாவா முக்காணியா என்று எனக்கே தெரியவில்லை. அன்று காலை செய்த வேலை முழுவதும் போயிற்று.

இந்தக் கடிதத்தில் ஊர் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதவில்லை. ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை, இது ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. வேறு ஊர்களில் ஆய்வு செய்கிற தோழிகளிடம் பேசினால் அவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

“வீட்டில் போய்ப் படிக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள், அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறிப்புதவி நூல்களை வெளியே எடுத்துப் போக முடியாது, அது பொதுவாக நூலகங்களில் உள்ள விதி, சரியான விதியும்கூட. தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளை அச்சிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதி 1891இல் வரத் தொடங்கியது. அந்தக் காலத்துத் தாள் தொட்டாலே ஓரம் உதிர்கிறது. இணையத்தில் ஸ்கேன் செய்து போட்டிருப்பதில் அடிக்குறிப்புகள் பல பக்கங்களில் மங்கிப்போய், ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆகவே அந்தப் புத்தகத்தை நான் அந்தக் கூடத்தில், அந்த மேசையில், நூலகம் திறந்திருக்கிற நேரத்தில்தான் படிக்க முடியும். அது என் விருப்பம் இல்லை, வேறு இடமே கிடையாது.

அப்புறம் வீடு என்று சொல்கிறோமே, அது எல்லோருக்கும் ஒரே மாதிரியா இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய அறை. அப்பா இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்குவார், அம்மா அந்த அறையிலேயே தையல் மிஷின் ஓட்டுவார், பாட்டிக்குக் காது கேட்காததால் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வாழ்கிற இடம் அது. விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். வீட்டில் தனி அறையும் மேசையும் கதவும் இருக்கிறவர்களுக்கு நூலகத்தின் அமைதி ஒரு கூடுதல் வசதி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், என் போன்றவர்களுக்கு அந்த அமைதி இல்லாமல் ஆய்வேடே இல்லை.

யார் சத்தம் போடுகிறார்கள் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பழி தப்பான ஆட்கள் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு வெளி வாசகர்கள் வருவார்கள். கட்டணம் கட்டி அட்டை வாங்கிய, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் படிக்கிறவர்கள். காலையில் நூலகம் திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் வரிசையாகப் பையை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஓர் அண்ணன் மூன்று வருடமாக வருகிறார், எனக்கு நேர் எதிர் மேசை. இந்த மூன்று வருடத்தில் அவர் குரலை நான் கூடத்துக்குள் கேட்டதே இல்லை. செருப்புச் சத்தம் வரக் கூடாது என்று வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவார், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே வேப்பமரத்தடிக்குப் போவார். மாணவர்கள் சத்தம் பற்றிப் புகார் கொடுத்தபோது நிர்வாகத்துக்கு முதலில் தோன்றிய யோசனை என்ன தெரியுமா? வெளி வாசகர் அட்டையை நிறுத்திவிடலாம் என்பதுதான். இன்னும் முடிவாகவில்லை என்கிறார்கள், பேச்சு நடக்கிறதாம். அதைக் கேட்ட அன்றுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சத்தம் அவர்களிடமிருந்து வரவில்லை. பல்கலைக்கழகமே அழைத்து வருகிற விருந்தினர்களிடமிருந்து வருகிறது. சேர்க்கை மாதங்களில் பெற்றோரைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்து காட்டுகிறார்கள். பல்கலைக்கழகத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழு வரப்போகிறது என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே ஏணி, பெயின்ட் டப்பா, மின்விசிறி துடைப்பது, அலமாரியை இடம் மாற்றுவது, எல்லாம் படிக்கிற நேரத்திலேயே நடக்கும். பட்டமளிப்பு விழாவன்று அங்கியோடு வந்து புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று படம் எடுக்காதவர்கள் இல்லை. அவர்கள் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது, அந்த அங்கியை என்றைக்குப் போடுவோம் என்று நானும்தான் கனவு காண்கிறேன். ஆனால் ஒவ்வொருவராக வந்து, “கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பின்னாடி நீங்க தெரியறீங்க” என்று படித்துக்கொண்டிருப்பவரை எழுப்பினால் எப்படி? இப்போது ரீல்ஸ் வேறு. இரண்டு அலமாரிக்கு நடுவில் மெதுவாக நடந்து வந்து புத்தகத்தை எடுப்பதுபோல ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுக்கிறார்கள். எங்கள் மாணவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை, பிறந்தநாளுக்குக் கேக்கை நூலக வராந்தாவில் வெட்டிவிட்டு அப்படியே உள்ளே வரும் முதலாண்டுத் தம்பிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“நாங்க மெதுவாத்தானே பேசறோம்” என்பார்கள். இது நேர்மையாகச் சொல்கிற பதில்தான், அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கூடத்தில் பழைய மின்விசிறிகள் பன்னிரண்டு கடகடவென்று ஓடுகின்றன. அந்தச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருப்பதால் பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். பேச்சு அப்படி இல்லை. அது ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும், நாம் வேண்டாம் என்றாலும் மூளை அதைப் பின்தொடரும். வரிசையாக எதையாவது நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைப் பக்கத்துப் பேச்சு கெடுக்கும், அது புரியாத மொழியில் இருந்தாலும் கெடுக்கும், சத்தத்தைக் குறைத்தாலும் பெரிதாக வித்தியாசம் வராது என்பதை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். போன் பேச்சு இன்னும் மோசம். ஒரு பக்கம் மட்டும் கேட்பதால், எதிர்ப்பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் தானாகவே நிரப்பப் பார்க்கும். “அப்படியா? சரி... எப்போ? ஐயையோ!” என்று ஒருவர் என் பின்னால் பேசினால், யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசிக்காமல் எப்படி இருப்பேன்? அதற்குள் முந்திரிகை எங்கேயோ போய்விடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது. எதிரெதிரே நின்று இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபெல் வரும். எங்கள் வளாக வாசலிலும் ஹாரன் அடிக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சாலையில் போகிற லாரிக்காரர் அதை மதித்து அமைதியாகப் போகிறார். நூலகத்துக்குள்ளே நடுக்கூடத்தில் நின்று பேசுகிறவரைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஏன் நிறுத்த முடியவில்லை என்றால், சொல்ல வேண்டியவர்களுக்கு அதிகாரம் இல்லை. எங்கள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நூலக உதவியாளர் அக்கா தினக்கூலிப் பணியாளர். மாணவர்கள் பேசினால் எழுந்து வந்து மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அதோடு அடங்கிவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தவர்களை அழைத்து வந்தது அவருக்கு மேலதிகாரிக்கும் மேலதிகாரி. அக்கா எழுந்து நின்றார், கைகட்டி நின்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, “மன்னிச்சுக்கம்மா” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா?

நூலகத்துக்கு யாரும் சுற்றிப் பார்க்க வரக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து எங்களை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போனார்கள். அன்று வந்த வரலாறு டீச்சர் வாசலிலேயே எங்கள் ஐம்பது பேரையும் நிறுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் இங்கேயே கேளுங்கள், உள்ளே போனால் கண்ணால் மட்டும் பாருங்கள் என்றார். பத்துப் பத்துப் பேராக அனுப்பினார். உள்ளே வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பெரிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் அவரைச் சுற்றிப் போனோம், அவர் தலை நிமிரவே இல்லை. இந்த மனிதர் அப்படி எதைப் படிக்கிறார் என்று எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு. இன்றைக்கு நான் கல்வெட்டு படிக்கிறேன் என்றால் அந்த ஐந்து நிமிடம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பெரியவரை அன்று யாராவது எழுப்பி, “ஐயா, குழந்தைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டிருந்தால் நாங்கள் ஒரு பேச்சைக் கேட்டிருப்போம், ஒருவர் படிப்பதைப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்த நாட்டுக்கே நூலக அறிவியலைக் கற்றுக்கொடுத்தவர் சீர்காழியைச் சேர்ந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். புத்தகங்களைப் பூட்டி வைக்காதே, வாசகரைத் தேடி அழை என்று சொன்னவர் அவர். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளை நூலக அறிவியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள், எங்கள் நூலக நுழைவாயிலிலும் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. செவ்வாய்க்கிழமை வந்த முப்பது பேரும் அந்தப் பலகைக்கு முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். எட்டு வாசகர்கள், ஆளுக்கு இருபது நிமிடம், அதற்குப் பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ. எனக்கு அந்த நான்கு ஊர்களை மறுபடி போட்டு முடிக்க வியாழக்கிழமை மாலை ஆகிவிட்டது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் இல்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள், எத்தனையோ பேர் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறார்கள், பள்ளிக்கூடங்களிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். அங்கே குழந்தைகளுக்கு என்று தனிப் பிரிவு, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்குத் தனிப் பிரிவு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கு இடம் தனி. எங்களிடம் அவ்வளவு பெரிய கட்டடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகப்பில் யாரும் உட்காராத பெரிய வரவேற்புக் கூடம் ஒன்று இருக்கிறது. விருந்தினர்களை அங்கே நிறுத்தி, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, அரிய நூல்கள் நான்கைந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டலாம். படம் எடுக்க ஓர் அலமாரியைக்கூட அங்கேயே வைத்துவிடலாம். வாசிப்புக் கூடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் மேல்மாடத்தில் கண்ணாடிக் கதவு இருக்கிறது, அதன் வழியாகக் கூடம் முழுவதும் தெரியும்.

பேசிப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். பத்திரிகைப் பிரிவுக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டால் குழுவாகப் படிக்கிறவர்கள் அங்கே போய்விடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுத்துப் படிப்பதும் படிப்புதான், இடம் இல்லாததால் எங்கள் தலைமேல் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஏணியும் பெயின்ட்டும் விடுமுறை நாளில் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிப்புக் கூடத்துக்குள் யார் வந்தாலும், துணைவேந்தரே வந்தாலும், பேசாதீர்கள் என்று சொல்லும் உரிமை அந்த அக்காவுக்கு உண்டு என்று ஒரே ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அவர் கையில் அந்தத் தாள் இருந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

வெளி வாசகர்களின் அட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த எதிர் மேசை அண்ணனுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறதாம், படிக்கட்டில் காத்திருந்தபோது சொன்னார். சத்தம் போட்டவர்களை விட்டுவிட்டுச் சத்தமே போடாதவரை வெளியே அனுப்பினால், எதிரே இருக்கும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே படிக்க முடியாது.

எங்கள் பட்டமளிப்பு விழா அடுத்த மாதம். அன்று நூலகம் திறந்திருக்கும், தேர்வுக்குப் படிக்கிறவர்களும் வந்திருப்பார்கள், நானும் ஐந்தாவது ஊரோடு அங்கேதான் இருப்பேன். அன்றைக்காவது கூடத்தின் வாசலில் ஒருவரை நிறுத்தி, படம் எடுக்கிறவர்களை முகப்புக்கு அனுப்பி வைக்கும்படி சம்பந்தப்பட்டவர்களை உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி
(பெயர் வெளியிட வேண்டாம்)